டில்ட்

பின்பால் யந்திரத்தைச் சூதாட்டக் கருவி என்று 1942ல் நியூயார்க் நகரம் தடை செய்தது. மேயர் லகார்டியா சம்மட்டியால் உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். 1976ல் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகரசபையினர் முன் ஆடிக் காட்டினார். பந்து எந்தச் சந்தில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு விசைக்கோலை இழுத்து விட்டார். சொன்னபடி இறங்கியது. தடை நீங்கியது. அது அதிர்ஷ்டம்தான் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பின்பால் ரசிகர்கள் 'இது திறமை, தற்செயல் அல்ல' என்றே வாதாடிவருகிறார்கள். எனக்கு இது தவறான வக்காலத்து என்று படுகிறது.

அமெரிக்காவில் நண்பர் ஒருவர் வீட்டு நிலவறையில் 'சென்ட்ரல் பார்க்' ஆடிப் பார்த்தேன். காட்லீப் கம்பெனி செய்தது, 1966. வடிவமைப்பு எட் க்ரின்ஸ்கி. எதிரே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் ஒரு குரங்கு மணி அடிக்கிறது. குழந்தைத்தனம் என்று நினைத்தேன். நண்பர் பலகையைத் தூக்கிக் காட்டிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. உள்ளே கம்பிச்சுருள்கள், ரிலேக்கள், ஒரு மோட்டார். ஐம்பது புள்ளி என்றால் மோட்டார் சுழன்று ஐந்து துடிப்பு அனுப்பியாக வேண்டும். எண்சக்கரம் ஐந்து தரம் நகரும். கூட்டல் காதில் விழுகிறது. இந்தவகை யந்திரங்களில், எண்ணி முடிப்பதற்குள் பந்து வேறொன்றைத் தொட்டால் அந்தப் புள்ளி சிலசமயம் போனதுதான். பின்னால் வந்த மின்னணு யந்திரங்களுக்கு இந்தத் திணறல் இல்லை. அவற்றின் சப்தம் ஒலிபெருக்கியின் சப்தம், வேலையின் சப்தம் அல்ல.

ஆனால் நான் சொல்ல வந்தது டில்ட்டைப் பற்றி. பலகை ஆடுபவனை நோக்கிச் சரிந்திருக்கிறது. பந்து விழுந்தே தீரும். அடித்து மேலே அனுப்பும் ஃப்ளிப்பர் 1947ல்தான் வந்தது, ஹாரி மாப்ஸின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில். யந்திரத்தை உலுக்குவதற்கான தண்டனையோ 1930களிலேயே வந்தாயிற்று. உள்ளே ஒரு கம்பியில் உலோகக் குண்டு, அதைச் சுற்றி ஒரு வளையம். அளவு மீறி உலுக்கினால் குண்டு வளையத்தைத் தொடும், மின்சுற்று பூர்த்தியாகும், ஃப்ளிப்பர்கள் செத்துவிடும். பந்து கீழே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எவ்வளவு பொறுப்பது என்பதைச் சொந்தக்காரர் குண்டை நகர்த்தி நிர்ணயிக்கலாம்.

குண்டு வளையத்தைத் தொடுவதற்குச் சற்று முன்புவரை உள்ள அந்த உலுக்கல் திறமையா, தற்செயலா? இரண்டும் இல்லை. உடம்பு யந்திரத்தோடு செய்துகொள்ளும் பேரம் அது. கவிதை தானாக வந்தது என்பவர்களுக்கும், செய்நேர்த்தி என்று பாடம் எடுப்பவர்களுக்கும் நம் சிறுபத்திரிகைகளில் பக்கங்கள் நிறைய ஒதுக்கியாயிற்று. இந்த மூன்றாவதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். யாப்பைத் தள்ளிப் பார்த்தவர்களுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

என் கடைசிப் பந்தில் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டேன். எல்லாம் நின்றது. உனக்காகக் குண்டைச் சற்று நகர்த்தி வைக்கட்டுமா என்று கேட்டார் நண்பர். வேண்டாம் என்று சொல்லி இன்னொரு காசு போட்டேன்.