நோட்ஸில் இல்லாத வினா

பெருமாள்முருகன் தொகுப்பில் 2013இல் வெளிவந்த ‘சாதியும் நானும்’ என்னும் நூலைச் சாதிக் கொடுமையின் ஆவணமாகவே பலரும் வாசித்துள்ளனர். அது சரியே. ஆயினும் ஆத்தூரிலும் நாமக்கல்லிலும் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்த ஓர் ஆசிரியருடைய கற்பித்தல் முறைக்குச் சான்றாகவும் அதை வாசிக்க இடமுண்டு.

32 பேர் எழுதிய அனுபவக் கட்டுரைகள் இவை. எழுதியோருள் பலர் அவருடைய மாணவர்கள். இப்பகுதிக் கல்லூரி மாணவரை நாம் அறிவோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸை மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு வெளியேறுகிறவர்கள். ‘எனக்கு எழுத வராது’ என்பதே அவர்கள் நன்றாகக் கற்ற பாடம். அத்தகையோரிடம், எந்த நோட்ஸிலும் விடையில்லாத வினா ஒன்று இங்கே கேட்கப்படுகிறது. அவர்கள் எழுதிவிடுகிறார்கள். அம்பையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெளிவந்தபோது, கொட்டாங்குச்சியில் தரப்பட்ட கடுங்காப்பியே அதன் தலைப்பாயிற்று. எந்தப் பாடநூலும் அச்சொல்லை அவர்களுக்குத் தந்திருக்க முடியாது.

மாணவனை வங்கிக் கணக்காகக் கருதிச் செய்திகளை அதில் செலுத்தும் கல்வியைப் பிரேசில் நாட்டுப் பாவுலோ பிரையிரே கண்டித்தார். அக்கண்டனமும் நம் கல்வியியல் வகுப்புகளில் ஐந்து மதிப்பெண் நோட்ஸாகிவிட்டது வேறு கதை.

நூலில் ஒரு குறையும் உண்டு. அனுபவத்தைச் சொல்லி முடித்ததும் எழுத்து நின்றுவிடுகிறது. ‘இது ஏன் இவ்வாறு நிகழ்ந்தது?’ என்ற அடுத்த வினாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் பணி மிஞ்சியிருக்கிறது.

‘தமிழ்த்துறைக்கு இது பொருந்தும், அறிவியலுக்கு எப்படி?’ என்பார்கள். வாழப்பாடிச் சுற்றுவட்டாரத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கு அரைபடுவதையும், பால் தெளிந்து மாவு தொட்டியடியில் படிவதையும், ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றத்தையும் அவள் அறிவாள். வேதியியல் வகுப்பில் மாவுச்சத்தும் நொதித்தலும் வரும்போது, தானறிந்ததை அவற்றோடு பொருத்தி ஒரு பக்கம் எழுதுமாறு அவளிடம் யாரும் கேட்பதில்லை. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஜவ்வரிசி விலைபோகும் விதம் வணிகவியல் மாணவனுக்கு வாய்த்த நல்ல பாடம். அவனோ வெளியூர் நிறுவனத்தின் எடுத்துக்காட்டை உருப்போடுகிறான்.

அறுபது பேர் எழுதிய பக்கங்களைத் திருத்த நேரமேது என்னும் ஆசிரியரின் கேள்வி நியாயமானது. குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளராக உழைப்பவர் கேட்டால் இன்னும் நியாயம். ஆனால் இடையூறு அது மட்டுமன்று. 1997இல் சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகமாயினும் வேறெதுவாயினும், வினாத்தாள் மனப்பாடத்தையே கேட்கும்வரை வகுப்பறை மாறாது. கத்தோலிக்கக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாமும், சேர்க்கை நாளில் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் முதலில் விசாரிக்கிறோம். அங்கே பிள்ளை என்ன எழுதுவான் என்று கேட்ட பெற்றோரை நான் கண்டதில்லை.