பீனியாவின் தனி டைகள்: பலமும் பழுதும்

பெங்களூர் தும்கூர் சாலையை ஒட்டிய பீனியா தொழிற்பேட்டையில், ஒரு மில்லிங் மெஷின், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஐந்தாறு ஆட்கள் என்ற அளவிலேயே நடக்கும் டூல் ரூம்கள் ஏராளம். ஒரு வாடிக்கையாளரின் ஒரு பொருளுக்கென்று ஒரு டை, அதாவது தகட்டை வெட்டியோ வளைத்தோ இழுத்தோ உருக்கொடுக்கும் அச்சு, செய்து கொடுப்பதுதான் இவற்றின் பிழைப்பு. எந்தக் கேட்லாக்கிலும் கிடைக்காத பித்தளைத் தொப்பி, பழைய ஜெர்மன் மெஷினுக்கான வாஷர், ஓசூரில் ஓடும் அசெம்பிளி லைனுக்குத் திடீரென்று தேவைப்படும் பிராக்கெட் என்று எதைக் கேட்டாலும் செய்து தருகிறார்கள். சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கு இந்தத் தெருக்கள் கொடுத்திருக்கும் தைரியம் கொஞ்சமல்ல. அதனால்தான் இந்த வழக்கத்தின் குறைகளையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். புகழ்ந்துவிட்டுப் போவது எளிது, ஆனால் புகழ்ச்சியால் ஒரு டையும் நேராகாது.

தனி டை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்கள் தரப்பட்டியல் எதிலும் இல்லாத தோட்டாக்களைத் தாங்களே வடிவமைப்பார்கள். ஒரு தோட்டாவின் கழுத்தைச் சுருக்குவது, தோளின் கோணத்தை மாற்றுவது என்று செய்து, அதற்கு ‘வைல்ட்கேட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுட்ட பித்தளைக் குப்பியை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் டை கடையில் கிடைக்காது, தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். அங்கே வழக்கம் இதுதான்: துப்பாக்கியின் அறையைக் குடைந்த ரீமரின் வரைபடத்தையோ, அந்த அறையில் சுட்ட சில குப்பிகளையோ டை செய்பவருக்கு அனுப்புவார்கள். வரைபடம் இருந்தால் அறையும் டையும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன, ஒன்றோடொன்று பொருந்துவது தற்செயலாக நடப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உட்புறம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் டையின் வெளிப்புறம் பெரும்பாலும் பொது அளவுதான்: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. யாருடைய பிரஸ்ஸிலும் மாட்டலாம். தனித்தன்மை எங்கே தேவையோ அங்கே மட்டும் இருக்கிறது.

வரைபடம் உள்ள வடிவம் ஊருக்குப் பொதுவாவதும் உண்டு. .22-250 என்ற தோட்டா 1930-களிலிருந்து ஆர்வலர்களின் தனிச்சொத்தாக இருந்து, 1965-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் பட்டியலில் ஏறியது. .25-06 தோட்டாவும் 1969-இல் அதே வழியில் போனது.   இன்று நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பொழுதுபோக்கு இங்கே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வரவும் வேண்டாம். அதன் பின்னால் உள்ள ஒழுங்கைத்தான் பீனியாவின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பெங்களூருக்கு டை செய்யும் கைத்திறன் வந்தது பொதுத்துறை நிறுவனங்களின், பயிற்சி மையங்களின் வழியாக. 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து எச்.எம்.டி. பிறந்தது. 1962-இல் தும்கூர் சாலையில் மத்திய இயந்திரக் கருவி ஆய்வு நிலையம் வந்தது. 1972-இல் டென்மார்க் அரசின் உதவியோடு அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையம் தொடங்கியது. தலச்சேரிக்கு அருகே நெட்டூரில் 1959-இல் சுவிஸ் ஆதரவுடன் தொடங்கிய என்.டி.டி.எஃப். பின்னர் பீனியாவையே தலைமையிடமாக ஆக்கிக்கொண்டது. இந்தப் பள்ளிகளில் முதலில் கையில் கொடுப்பது அரம். ஓர் இரும்புத் துண்டை நான்கு பக்கமும் சதுரமாகவும் சமமாகவும் தேய்க்கும் வரை அடுத்த பாடம் கிடையாது. அப்படித் தேறியவர்கள் எச்.எம்.டி.யிலும் பி.இ.எல்.லிலும் வேலை பார்த்து, விருப்ப ஓய்வுப் பணத்தில் பீனியாவில் ஷெட் பிடித்தார்கள். கன்னடம், தமிழ், மலையாளம் மூன்றும் கலந்து பேசும் அந்த டூல் மேக்கர் தலைமுறையின் கையில்தான் தனி டை வழக்கம் வளர்ந்தது.

அதன் பலம் என்ன என்று கேட்டால், பதில் ட்ரை-அவுட்டில், அதாவது டையை ஓட்டிப் பார்க்கும் சோதனையில், இருக்கிறது. ஆழமான பித்தளைக் கிண்ணம் ஒன்றைத் தகட்டிலிருந்து இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டத் தகட்டின் விட்டம் கிண்ணத்தின் விட்டத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு மேல் போனால் ஒரே இழுப்பில் வராது, அடி கிழிந்துவிடும். எத்தனை இழுப்பு, இடையில் எப்போது சூடுபடுத்தி மென்மையாக்குவது, தகட்டை டைக்குள் அழுத்தும் பஞ்ச்சின் முனைக்கு எவ்வளவு ரேடியஸ் என்பதற்கெல்லாம் சூத்திரங்கள் உண்டு. ஆனால் சந்தையில் கிடைக்கும் தகடு சூத்திரத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. அனுபவமுள்ள டூல் மேக்கர் அதனால் வரிசையை மாற்றிச் செய்வார். இழுக்கும் டையை முதலில் முடிப்பார். வட்டத் தகடுகளைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும், கம்பியின் மின்பொறியால் அறுக்கும் வயர் கட்டில் வெட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். விளிம்பு சரியாக அமைந்த பிறகுதான் அந்தத் தகட்டை வெட்டும் பிளாங்கிங் டையில் கை வைப்பார். முதலிலேயே வெட்டு டையைச் செய்துவிட்டு ஸ்டீலைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்துக் கற்ற பாடம் இது. கிழிந்த கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கிழிசல் அடியில் வந்ததா பக்கவாட்டில் வந்ததா என்பதை வைத்து அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வாடிக்கையாளர் அருகில் நிற்கலாம் என்பதும் ஒரு பலம். சீனாவிலிருந்து மலிவாக டை வரவழைத்தவருக்கு ட்ரை-அவுட் என்பது ஒரு வீடியோ. பீனியாவில் நேரில் பார்க்கலாம். ‘இந்த மூலையை அரை மில்லிமீட்டர் உருட்டிவிட்டால் டை இரண்டு மடங்கு உழைக்கும், உங்களுக்குப் பரவாயில்லையா?’ என்று டூல் மேக்கர் அங்கேயே கேட்பார், பதிலும் அங்கேயே கிடைக்கும். பொருளின் வடிவத்தையே மேம்படுத்தும் இந்தப் பேச்சு எந்தக் கொட்டேஷனிலும் எழுதப்படுவதில்லை.

பழுதுகளில் பெரியது, வரைபடம் இல்லாத வேலை. “சாம்பிள் இருக்கா சார்?” என்பதுதான் இங்கே முதல் கேள்வி. ‘இருக்கிறது’ என்றால் வரைபடம் தேவையில்லை என்று இரு தரப்பும் முடிவு செய்துவிடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், சுட்ட குப்பியை அனுப்பும் அமெரிக்க வழக்கமும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும். வேறுபாடு பெரியது. சுட்ட குப்பி, அறையின் அளவை நேரடியாகச் சொல்கிற அச்சு. அதையும் ஒன்றுக்கு மேற்பட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் சாம்பிளோ, பெரும்பாலும் தேய்ந்த பழைய டையிலிருந்து விழுந்த ஒற்றைத் துண்டு. தகட்டை வெட்டும்போது, வெளியே விழும் துண்டின் அளவைத் தீர்மானிப்பது டை, ஓட்டையின் அளவைத் தீர்மானிப்பது பஞ்ச். டை தேயத் தேயத் துண்டு பெரிதாகும், பஞ்ச் தேயத் தேய ஓட்டை சிறிதாகும். அந்தத் துண்டை அளந்து புது டை செய்தால், தேய்மானமும் சேர்ந்து புதிய அளவாகிவிடுகிறது. வளைத்த பொருள் என்றால் இன்னும் மோசம். வளைத்து விட்டவுடன் தகடு சற்றுப் பின்வாங்கும். சாம்பிளில் 90 பாகை இருந்தால் டையில் அதைவிட இறுக்கமான கோணம் இருந்திருக்கும், அது எவ்வளவு என்பதைச் சாம்பிள் சொல்லாது. இரண்டு மூன்று முறை இப்படி நகல் எடுத்த பிறகு, அந்தப் பொருளின் உண்மையான அளவு யாருக்கும் தெரியாமல் போகிறது.

அடுத்தது ஸ்டீல். கொட்டேஷனில் எச்.சி.எச்.சி.ஆர். என்று இருக்கும். அதாவது ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியம் உள்ள, தேய்மானத்தைத் தாங்கும் டி2 அல்லது டி3 ஸ்டீல். அதன் இடத்தில் மலிவான ஓ.எச்.என்.எஸ். ஸ்டீலை வைத்துத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ராக்வெல் சி 58, 60 என்று கடினத்தன்மையும் சரியாகவே காட்டும். வித்தியாசம் பல்லாயிரம் அடிகளுக்குப் பிறகு, விளிம்பில் பர் எனும் பிசிறு எழும்பும்போதுதான் தெரியும். ஏமாற்றுகிறவர்கள் குறைவு என்றே நம்புகிறேன். ஆனால் ஸ்டீல் வாங்கிய மில் சான்றிதழையும் ஹீட் ட்ரீட்மென்ட் அறிக்கையையும் டையோடு கொடுக்கும் வழக்கம் இல்லாத இடத்தில், நேர்மையானவருக்கும் தன் நேர்மையைக் காட்ட வழியில்லை. வயர் கட் விஷயமும் இப்படித்தான். 1 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்குப் பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அரத்தால் தேய்த்து நீலச் சாயம் பூசிப் பொருத்திப் பார்த்த காலத்தில் அதை எட்டப் பல நாள் பிடித்தது. வயர் கட் அதை ஓர் இரவில் தருகிறது, கடினப்படுத்திய பிறகே வெட்டுவதால் சூட்டில் கோணும் பயமும் இல்லை. ஆனால் தீப்பொறி உருக்கிய மெல்லிய படலம் ஒன்று வெட்டிய முகத்தில் ஒட்டியிருக்கும். எளிதில் நொறுங்கும் அதைத் தேய்த்து எடுக்காமல் அனுப்பிவிட்டால் விளிம்பு சீக்கிரமே உதிரும். அவசரம் என்று வாடிக்கையாளர் நெருக்கும்போது முதலில் விட்டுப்போவது இந்தத் தேய்ப்புத்தான்.

டை யாருடையது என்பதிலும் தெளிவில்லை. பணம் கொடுத்தவர் தன்னுடையது என்கிறார். பொருளையும் அதே ஷெட்டில் அடிப்பதால் டை அங்கேயே கிடக்கிறது. இரு தரப்புக்கும் மனக்கசப்பு வந்தால் டை பணயப்பொருளாகிவிடும். வெளியே எடுத்தாலும் வேறு பிரஸ்ஸில் ஷட் ஹைட் (மூடிய நிலையில் உள்ள உயரம்) பொருந்தாது, ஷாங்க் (பிரஸ்ஸில் மாட்டும் தண்டு) அளவு பொருந்தாது. பொது அளவு டை செட்டும் பில்லரும் புஷ்ஷும் கடையில் கிடைக்கும்போதே, அந்த ஷெட்டில் உள்ள பிரஸ்ஸுக்கு மட்டும் ஏற்றாற்போல் செய்வதால் வரும் வினை இது. வெளிப்புறம் பொது, உட்புறம் தனி என்ற எளிய விதியை நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

இதில் டூல் மேக்கரின் குறையை மட்டும் சொல்வது நியாயமில்லை. ‘ட்ரை-அவுட் இன்னும் திருப்தியில்லை’ என்று வாயால் சொல்லியே கடைசித் தவணையை மாதக்கணக்கில் இழுக்கிற வாடிக்கையாளர்கள் நிறைய. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆனால் எழுத்தில் ஆர்டரே இல்லாமல், அளவு எழுதிய ஒரு தாளும் இல்லாமல் நடந்த வேலைக்கு இந்தச் சட்டத்தை வைத்து வழக்காடுவது கடினம். வரைபடம் இல்லாததன் நட்டம் செய்பவர் தலையிலும் விழுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது அறிவின் இழப்பு. அந்தப் பித்தளைக் கிண்ணத்துக்குச் சரியான வட்டம் எது, எந்த ரேடியஸில் கிழிசல் நின்றது என்பதெல்லாம் ஒருவர் தலையில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் போய்விடும். அடுத்தவர் அதே கிழிந்த கிண்ணங்களிலிருந்து தொடங்க வேண்டும். .22-250 பட்டியலில் ஏற முடிந்ததற்குக் காரணம், அதன் அளவுகள் பல கைகளுக்கு எழுத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. பீனியாவில் உருவாகிய எத்தனையோ நல்ல தீர்வுகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

என் தீர்ப்பு இது. தனி டை செய்யும் பீனியாவின் வழக்கம் காக்கப்பட வேண்டியது, அதற்கு ஈடான கைத்திறன் இந்தியாவில் சில ஊர்களில்தான் இருக்கிறது. ஆனால் வரைபடம் இல்லாமல் வாங்கும் டை பாதி விலைதான் பெறும். ட்ரை-அவுட்டுக்குப் பிறகு திருத்திய கடைசி அளவுகளோடு வரைபடம், ஸ்டீல் சான்றிதழ், ஹீட் ட்ரீட்மென்ட் அறிக்கை, டை யாருடையது என்று ஒரு வரி, இவ்வளவையும் சேர்த்து வாங்க ஆகும் கூடுதல் செலவு டையின் விலையில் சிறு பங்கே. அடுத்த முறை பீனியாவில் முன்பணம் கொடுக்கும்போது இவற்றை ஆர்டரிலேயே எழுதிக் கேளுங்கள், அதற்கான கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள்.