கசியவிட்டவரைத் தேடும் சட்டம்

வெள்ளைக்கொடி வழக்கின் தீர்ப்பு 2011 நவம்பர் 18 அன்று கொழும்பில் வந்தது. மூன்று நீதிபதிகள் இருந்த மேல் நீதிமன்ற அமர்வில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். முன்னாள் இராணுவத் தளபதியும் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவருமான சரத் பொன்சேகாவுக்கு மூன்று ஆண்டுச் சிறை. 2009 டிசெம்பர் 13 அன்று 'சண்டே லீடர்' பத்திரிகையில் வெளிவந்த அவருடைய நேர்காணல்தான் வழக்குக்குக் காரணம். போரின் கடைசி நாட்களில் வெள்ளைக்கொடியோடு சரணடைய வந்த விடுதலைப் புலிகளின் தலைவர்களைச் சுடும்படி பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ச களத் தளபதி ஒருவருக்குப் பணித்தார் என்று அதில் இருந்தது. தன் பேச்சைப் பத்திரிகை திரித்துவிட்டது என்றார் பொன்சேகா. கோத்தாபயவும் சாட்சிக் கூண்டேறி, அப்படியொரு உத்தரவை இடவே இல்லை என்று மறுத்தார்.

வன்னியிலிருந்து அந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. இப்படிச் சொன்னாரா, சொன்னது நாட்டின் அமைதியைக் குலைக்குமா என்பதை மூன்று நீதிபதிகள் மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நந்திக்கடலோரம் 2009 மே 18 விடியற்காலையில் நடந்தது என்ன என்பதற்குத் தீர்ப்புச் சொல்ல எந்த நீதிமன்றமும் கூட்டப்படவில்லை. சட்டப்படி இது வதந்தி பரப்பிய வழக்கு. ஆனால் அதைச் சூழ்ந்திருந்த பேச்சு முழுக்க 'துரோகம்', 'இரகசியம்' என்ற தொனியில்தான் இருந்தது. போர்க்குற்ற விசாரணை வந்தால் சாட்சியம் சொல்வேன் என்று பொன்சேகா பேசியபோது, அப்படிச் செய்தால் தூக்கிலிடுவோம் என்று 2010 ஜூனில் பிபிசி நேர்காணலில் சொன்னவர் அதே பாதுகாப்புச் செயலாளர். 2012 மே மாதத்தில் பொன்சேகா விடுதலையானார். இங்கே அவருக்காக இரங்கியவர் எவரும் இல்லை, இருக்கவும் முடியாது. கடைசிவரை எங்கள் மீது குண்டு போட்ட படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

அரச இரகசியத்தை அரசியல்வாதிகள் கையாண்ட விதம் பற்றிய விசாரணைகளை எடைபோட இந்த வழக்கைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இலங்கையில் இவ்வகை விசாரணை எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது: வெளியே விட்டது யார்? உள்ளே பூட்டிவைத்தது யார், எதற்காக, யாரிடமிருந்து என்று கேட்கும் விசாரணை மிக அரிது. இரண்டும் ஆவணத்தைத் தவறாகக் கையாள்வதுதான். ஒன்று மட்டும் குற்றமாகிவிடுகிறது.

சட்டத்தின் அமைப்பே அப்படி. 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க உத்தியோக இரகசியங்கள் சட்டம், படைகளோடு தொடர்புடைய எந்த வகைத் தகவலையும் இரகசியமாகக் கொள்ளக்கூடிய அளவுக்கு அகன்ற பொருள்கோடலைத் தருகிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால், ஏ9 வீதியோரத்தில் இராணுவம் நடத்தும் தேநீர்க்கடையில் எத்தனை சிப்பாய் வேலை செய்கிறார்கள் என்பதும் இரகசியமாகிவிடலாம். இவ்வளவு அகன்ற வலையை எல்லார் மீதும் வீச முடியாது. ஆகவே யார் மீது வீசுவது என்பதை அன்றைய ஆட்சி தீர்மானிக்கிறது.

இரகசியமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2002 ஜனவரி 2 அன்று அத்துருகிரிய மிலேனியம் சிற்றியில் இராணுவப் புலனாய்வுப் பிரிவின் மறைவிடம் ஒன்றைக் கண்டியிலிருந்து வந்த பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். அப்போதுதான் ஆட்சிக்கு வந்திருந்த கட்சிக்கு, தன் தலைவரைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற சந்தேகம். உள்ளே இருந்தவர்கள் கைதானார்கள், விவரங்கள் ஊடகங்களில் பரவின. வன்னிக்குள் ஊடுருவித் தாக்கிய அணியோடு தொடர்புடையவர்கள் அவர்கள். போர்நிறுத்தக் காலத்தில் அந்தப் பிரிவுக்கு வேலை செய்த பலர், தமிழர்களும் முஸ்லிம்களும் உட்பட, ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த அணியின் கிளைமோர் கண்ணிவெடிக்குத் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த ஊர்களில் இதை ஒரு நியாயமாக எடுத்துச் சொல்வது எளிதன்று. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அரசியல் அவசரத்தில் திறக்கப்பட்ட ஓர் இரகசியம் உயிர்களைக் கேட்டது.

எங்களுக்கும் காக்க வேண்டிய இரகசியம் உண்டு. காணாமல் போனோர் பற்றி முறையிட்டவர்களை ஆணைக்குழு அமர்வு முடிந்த மறுநாளே புலனாய்வுக்காரர் வீட்டு வாசலில் வந்து விசாரித்த கதையை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கேட்காதவர் இல்லை. எந்த முகாமின் எந்த அதிகாரி பிள்ளையைக் கூட்டிச்சென்றார் என்று ஒரு தாய் சொன்ன வாக்குமூலம் வெளியே கசிந்தால், அதன் விலையைக் கொடுப்பவள் அவளே. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்படும் தகவல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கைக்கு எட்டாது என்று 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் சொல்வதும் இதனால்தான். அந்த அலுவலகத்தின் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தப் பிரிவு மட்டும் சரியானது.

தெற்கின் அனுபவத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த சில மணி நேரத்தில், அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ ஒரு கடிதத்தின் படத்தை ட்விட்டரில் போட்டார். ஏப்ரல் 11 எனத் திகதியிட்டு, பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் ஒப்பமிட்ட உள்ளகக் கடிதம் அது. தாக்குதல் நடக்கலாம் என்ற எச்சரிக்கையும், தாக்குதல்தாரிகளின் தலைவன் சஹ்ரானின் பெயரும், அவன் கூட்டத்தவரின் விவரங்களும் அதில் இருந்தன. இரகசியச் சட்டத்தின் கண்ணில் அமைச்சர் செய்தது தவறுதான். ஆனால் அந்த ஒரு படம் இல்லாவிட்டால், 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்ற கதை எத்தனை நாள் ஓடியிருக்கும்? எச்சரிக்கை இருந்தது என்பதை அன்றே நாடு அறிந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் எனத் தீர்த்தது. அந்தத் தீர்ப்பும் இதே எச்சரிக்கையைச் சுற்றித்தான் நின்றது.

கசிவு எல்லாம் இப்படி நல்ல கசிவாக இருப்பதில்லை. 2024 ஒக்டோபரில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, முன்னாள் அமைச்சர் உதய கம்மன்பில அதே தாக்குதல் பற்றிய இரண்டு குழு அறிக்கைகளை வெளியிட்டார். ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது நியமித்த குழுக்களின் அறிக்கைகள் அவை, அதுவரை மக்கள் பார்க்காதவை. அவற்றில் ஒன்று, புதிய அரசு உயர் பதவி கொடுத்திருந்த முன்னாள் புலனாய்வு அதிகாரி மீது குற்றம் கண்டிருந்தது. வெளியிட்டவரின் குறி எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அரசு அது பக்கச்சார்பான குழு என்றது. அப்படியே இருக்கட்டும். மக்களின் பணத்தில் எழுதப்பட்ட அறிக்கையை ஓர் அரசியல்வாதி தனக்கு வாய்ப்பான நாளில் எடுத்து வீசுவதற்கு இடம் கொடுத்தது எது? அறிக்கையை முதலிலேயே வெளியிடாமல் வைத்திருந்ததுதான். மூதூரில் 17 உதவிப் பணியாளர் கொல்லப்பட்டது உட்பட்ட சம்பவங்களை ஆராய்ந்த உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009 இல் முடிந்து 2015 இல்தான் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்தது. ஆறு ஆண்டு பூட்டிவைத்ததற்காக யாரையும் சி.ஐ.டி. நாலாம் மாடி விசாரணைக்குக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

பூட்டிவைத்தலின் எங்கள் கதைக்கு வருவோம்: முல்லைத்தீவின் வட்டுவாகல். 2009 மே 18 அன்று பாலத்தைக் கடந்து வந்தவர்களில், புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே வரும்படி ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டார்கள். அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்போடு ஒரு கூட்டம் சரணடைந்தது. குடும்பத்தினர் பார்த்துக்கொண்டு நிற்க அவர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான எழிலன் என்ற சின்னத்துரை சசிதரனின் மனைவி அனந்தி, ஏனைய குடும்பங்களோடு வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தது 2013 இல். விசாரணை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சாட்சியம் சொல்ல வந்த 58 ஆவது படைப்பிரிவின் கட்டளைத் தளபதி குறுக்கு விசாரணையில், சரணடைந்தோரின் பட்டியல் இருக்கிறது என்றார். கொண்டுவாருங்கள் என்றது நீதிமன்றம். பிந்திய தவணையில் வந்தது புனர்வாழ்வு பெற்றோரின் பட்டியல். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. பிறகு 2019 இல் செய்தியாளர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, புலிகள் எவரும் தங்களிடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று இராணுவம் பதில் கொடுத்தது. வட்டுவாகல் பாலத்தில் அன்று சீருடையில் நின்ற அரசாங்கம் வேறெது என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

இடையில் அரசியல்வாதிகளின் பங்கு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் கொட்டகை போட்டுக் காணாமல் போனோரின் உறவினர் போராட்டத்தில் இருந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே ஆண்டு கொட்டகைகள் எழுந்தன. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்த ஜனாதிபதி சிறிசேன, சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடப் பணிப்பதாக வாக்குக் கொடுத்தார். பட்டியல் வரவில்லை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோத்தாபய ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றார். ஒரு நாட்டின் தலைவர் இத்தனை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அவர் கையில் ஏதாவது ஓர் ஆவணம் இருந்திருக்க வேண்டும், அல்லது அவர் ஊகத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று எந்த விசாரணையாளரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. 2022 டிசெம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், எழிலனை மன்றில் முற்படுத்தும்படி இராணுவத்துக்கு உத்தரவிட்டது. மனுப்போட்டு ஒன்பது ஆண்டுக்குப் பிறகு வந்த உத்தரவு. அதற்குப் பிறகும் அந்தப் பட்டியலைக் குடும்பங்கள் கண்டதில்லை.

கொட்டகைக்கு வரும் தாய்மாரின் கையில் இருக்கும் பையைத் திறந்து பாருங்கள். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், காணாமல் போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் அழைப்பு, கிராம சேவையாளரின் உறுதிக்கடிதம், நனையாமல் லமினேற் செய்த படம். 2009 முதல் ஒரு தாளும் தொலையவில்லை. ஆவணத்தைக் கையாளும் ஒழுங்கைப் பற்றி அரசுக்குப் பாடம் எடுக்கத் தகுதியுள்ளவர்கள் இவர்கள்.

மறைப்பதையும் குற்றமாக்க முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்கா பாதி விடை தருகிறது. 2022 ஓகஸ்ட் 8 அன்று டொனால்ட் ட்ரம்பின் மாராலாகோ வீட்டில் எவ்.பி.ஐ. தேடுதல் நடத்தியது. அடுத்த ஆண்டு ஜூனில் வந்த 37 குற்றச்சாட்டுகளின் சாரம், இரகசியத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தார் என்பதன்று. திருப்பிக் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார், தேடியவர்களிடம் மறைத்தார் என்பதே. ஆவணம் ஆட்சியாளரின் சொத்தாகாது, நாட்டின் சொத்து என்ற அடிப்படையில் நின்ற வழக்கு. தேசிய ஆவணக் காப்பகம் இன்ன பெட்டி வரவில்லை என்று எண்ணிப் பார்த்ததால்தான் அது தொடங்கியது. ஆனால் 2024 ஜூலை 15 அன்று, விசேட வழக்குத்தொடுநரின் நியமனம் செல்லாது என்று நீதிபதி அய்லீன் கனன் வழக்கைத் தள்ளிவிட்டார். நவம்பரில் ட்ரம்ப் தேர்தலில் வென்றார், மேன்முறையீடு கைவிடப்பட்டது. பாகிஸ்தானிலோ நேர்மாறு. தூதரகக் குறிப்பொன்றைப் பகிரங்கப்படுத்தியதாக முன்னாள் பிரதமர் இம்ரான் கானுக்கு 2024 ஜனவரி 30 அன்று பத்தாண்டுச் சிறை விதித்தார்கள், தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில். ஜூனில் இஸ்லாமாபாத் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அங்கே பயன்பட்டது 1923 ஆம் ஆண்டின் பிரித்தானியக் காலச் சட்டம். எங்கள் சட்டமும் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

இலங்கையிடம் வேறொரு கருவி இருக்கிறது, அதை வன்னியில் போதிய அளவு எடுத்துப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்ட தகவலை அழிப்பதையும் திரிப்பதையும் மறைப்பதையும் 39 ஆம் பிரிவில் குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை வரை போகலாம். அதன் குறைகள் வெளிப்படை. தேசிய பாதுகாப்பு என்ற கதவு 5 ஆம் பிரிவில் அகலமாகத் திறந்திருக்கிறது. 'அப்படியொரு ஆவணம் எங்களிடம் இல்லை' என்று ஓர் அலுவலர் எழுதிவிட்டால், இருக்கிறது என்று நிரூபிக்கும் சுமை நடைமுறையில் கேட்டவரின் தலையில் விழுகிறது. ஆனால் முல்லைத்தீவு விடயத்தில் அந்தச் சுமை பாதி இறங்கிவிட்டது. பட்டியல் இருக்கிறது என்று நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு தளபதியின் வாய்மொழி இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவு 7. சட்டம் நடைமுறைக்கு வந்த 2017 பெப்ரவரி 3 அன்று இருந்த பழைய பதிவேடுகளை அன்றிலிருந்து பத்து ஆண்டுகளேனும் பேண வேண்டும் என்று அது சொல்கிறது. 2009 இன் தாள்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. 2027 பெப்ரவரியோடு அந்தக் குறைந்தபட்சக் காலம் தீர்கிறது. அதே பிரிவு, ஒரு விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்வரை அதற்குரிய ஆவணத்தை அழிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே, வட்டுவாகல், மே 18, பஸ், படைப்பிரிவு என்று குறிப்பாக எழுதி இராணுவத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் விண்ணப்பம் போட்டு, மறுப்பு வந்தால் முதலில் அங்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையிட்டு, கோப்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டை அந்தப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.