ராமானுஜன் படத்தில் விடுபட்டுப்போன பல்கலைக்கழகம்

விடாமுயற்சி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், வகுப்பில் நாலைந்து பேராவது கணிதமேதை ராமானுஜனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "தேர்வில் தோற்றார், துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார், ஹார்டி கண்டெடுத்தார், கேம்பிரிட்ஜ் போய்ப் புகழ் பெற்றார்." நாலு வரியில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும்! 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' (2015) படம் மனத்தில் பதிய வைக்கும் கதையும் ஏறக்குறைய இதுதான். இப்படத்தை வகுப்பில் காட்டும் ஆசிரியர்களும், தேர்வில் எடுத்துக்காட்டாக எழுதும் மாணவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். ராபர்ட் கனிகல் 1991-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைத் தழுவி மேத்யூ பிரவுன் இயக்கிய படம் இது. "நிரூபணம் எங்கே?" என்று ஹார்டி கேட்பதும், விடை கண்ணுக்குத் தெரியும்போது நிரூபணம் எதற்கு என்று ராமானுஜன் தவிப்பதும்தான் படத்தின் உயிர். கணக்கு என்றாலே ஓடுகிற மாணவர்கூட இந்த இழுபறியைப் புரிந்துகொள்வார். தேவ் பட்டேலும் ஜெரமி அயன்ஸும் அந்த உறவை மிகையில்லாமல் நடித்திருக்கிறார்கள்.

குறை எங்கே என்றால், சென்னைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையில். துறைமுக அலுவலகம் தெரிகிறது, கடிதம் போகிறது, அழைப்பு வருகிறது, கப்பல் கிளம்புகிறது. நடந்தது இவ்வளவு வேகமாக இல்லை. ராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16. கப்பல் ஏறியது 1914 மார்ச் 17. நடுவில் பதினான்கு மாதங்கள். கடல் கடக்கக் கூடாது என்ற தடையால் முதல் அழைப்பை அவர் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தது யார்?

சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1913 மே மாதத்திலிருந்து அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. துறைமுகத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய சம்பளம் 30 ரூபாய். இத்தனைக்கும் கையில் பட்டம் கிடையாது! கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். தேர்வுமுறை வெளியே தள்ளிய ஒருவரை, விதியைத் தளர்த்தி அதே பல்கலைக்கழகம் உள்ளே அழைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவரும் கொடுத்தார்.

அடுத்ததுதான் முக்கியம். கேம்பிரிட்ஜ் போகப் பணம்? டிரினிட்டி கல்லூரி கொடுத்தது ஆண்டுக்கு 60 பவுண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது ஆண்டுக்கு 250 பவுண்டு. கப்பல் செலவு தனி. அதாவது, விட்டுப் போகிற இடம்தான் போகிற இடத்துக்கான வழிச்செலவைக் கட்டியது. இந்தக் கணக்கு படத்தில் மனத்தில் நிற்கும் காட்சியாக வரவேயில்லை. அதனால் சென்னை வெறும் புறப்பாட்டு இடமாகவும், கேம்பிரிட்ஜ் எல்லாம் தரும் இடமாகவும் தோன்றிவிடுகிறது.

டிரினிட்டியின் பங்கைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்டி, லிட்டில்வுட் இருவரோடும் பழகிய சூழல் அன்றைய சென்னையில் கிடைத்திருக்காது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டியின் ஆய்வாளர் பதவி எல்லாம் அங்கேதான் வந்தன. போரும் குளிரும் உணவுச் சிக்கலும் நோயும் அங்கேதான் வந்தன. 1919-ல் திரும்பினார், 1920 ஏப்ரலில் மறைந்தார், 32 வயதில். ஞான ராஜசேகரன் இயக்கிய 'ராமானுஜன்' (2014) தமிழ்ப் படத்தையும் சேர்த்துப் பாருங்க. கொஞ்சம் நீளம், நாடகத்தன்மை அதிகம். ஆனாலும் குடும்பமும் கும்பகோணமும் அதில் வெறும் முன்னுரையாக நின்றுவிடவில்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்? சிங்கப்பூரில் மாணவர்கள் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரி, அங்கிருந்து பல்கலைக்கழகம் என்று ஏறி வருகிறவர்கள் நம் முன்னாள் மாணவர்களிலேயே உண்டு. மாணவர்கள் அதை எழுதும்போது பழைய இடம் 'தப்பித்து வந்த இடம்' ஆகிவிடுகிறது. அந்தப் பழைய இடத்தில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பக்கத்து இருக்கைத் தோழர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்?

மாணவர்களே, ராமானுஜனை எழுதுங்க, தாராளமா எழுதுங்க. ஆனால் "ஹார்டி கண்டெடுத்தார்" என்பதோடு நிறுத்தாமல், "பட்டம் இல்லாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது, கேம்பிரிட்ஜ் செல்லவும் பணம் கொடுத்தது" என்று ஒரு வரி சேருங்கள். பொத்தாம்பொதுவான எடுத்துக்காட்டு உங்கள் சொந்தக் கருத்தாக மாறும். ஆசிரியர்களே, படம் முடிந்ததும் வாய்மொழிப் பயிற்சிக்கு ஒரு கேள்வி போதும்: "இப்போது நீ படிக்கும் இடம், அடுத்த இடத்துக்குப் போக உனக்கு என்ன கொடுத்திருக்கிறது?"