தைக்கப்படாத கொக்கி

என்னுடைய நாவல் ஒன்றில் உத்தியோகம் பார்க்கிற தாய் ஒருத்தி வருகிறாள். காலையில் ஆபீசுக்குப் போகிறாள், மாலையில் திரும்புகிறாள், நடுவே அவளுடைய மனப் போராட்டங்களைப் பக்கம் பக்கமாக நான் வர்ணித்திருக்கிறேன். புத்தகம் வெளிவந்த பிறகு வாசகி ஒருவர் கார்டு போட்டிருந்தார். "கதை நன்றாயிருக்கிறது. ஆனால் அவள் ஆபீசுக்குப் போயிருக்கும்போது குழந்தை யாரிடம் இருந்தது?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. எனக்கே தெரியாது. முந்நூறு பக்க நாவலில் அந்தக் குழந்தைக்கு ஒரு நாள்கூட ஜுரம் வந்ததில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

அந்தக் கார்டை நினைத்துக்கொண்டேதான் நதாலியா பரான்ஸ்கயாவின் குறுநாவலை இரண்டாம் முறை படித்தேன். 'மற்ற வாரங்களைப் போல ஒரு வாரம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1969-ல் மாஸ்கோவில் 'நோவி மிர்' பத்திரிகையில் வெளிவந்தது. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில். ருஷ்ய இலக்கியம் என்றால் டால்ஸ்டாய், செகாவ், கார்க்கி என்று மளமளவென்று ஒப்பிக்கிற நம்மவர்கள் இந்த அம்மாளின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கதை என்று சொல்ல அதிகம் இல்லை. ஓல்காவுக்கு வயது 26. பிளாஸ்டிக் பொருள்களை ஆராய்கிற ஒரு கூடத்தில் வேலை. கணவன் தீமா, ஒரு பையன், ஒரு பெண். திங்கட்கிழமை காலை அவள் மாடிப்படியில் ஓடி வந்து மேலதிகாரியின்மேல் முட்டிக்கொள்வதில் ஆரம்பிக்கிறது. ஞாயிறு இரவு முடிகிறது. நடுவே பஸ், சுரங்க ரயில், சந்தைப் பை, பால், சலவை, இருமல். ஆய்வுக்கூடத்துப் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முறை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். இன்று ஒருத்தி எல்லோருக்கும் வாங்கி வந்தால் நாளை இன்னொருத்தி. இப்படிப்பட்ட விவரம் ஒன்று அகப்பட்டால் போதும், கதையின் மற்ற விஷயங்களையும் வாசகன் நம்பிவிடுவான். கற்பனையில் இது வராது.

அந்த வாரத்தில் நிகழ்கிற ஒரே விசேஷம், பெண்களுக்கென்று ஒரு கேள்வித்தாள் வந்து சேருவது. ஜனத்தொகையை ஆராய்கிறவர்கள் அனுப்பியது. வீட்டு வேலைக்கு வாரத்தில் எத்தனை மணி, குழந்தைகளுக்கு எத்தனை, ஓய்வுக்கு எத்தனை, நோயினால் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்று கேட்கிறது. விளையாட்டைப் பற்றிய கேள்விக்கு ஓல்கா தன்னுடைய ஓட்டத்தையே வேடிக்கையாக நினைத்துக்கொள்கிறாள். ஆனால் விடுப்பு நாட்களைக் கூட்டிப் பார்க்கும்போது வேடிக்கை நின்றுவிடுகிறது. எல்லாம் குழந்தைகளின் நோய்க்காக எடுத்த நாட்கள். வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்று பயம் வருகிறது.

இதைச் சமூகப் பிரச்னைக் கதை என்று சொல்லிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதே காரணத்துக்காகச் சிலர் கொண்டாடவும் செய்கிறார்கள். இரு கட்சியாரும் கதையைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரச்னைக் கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டும். இதில் அவன் இல்லை. தீமா குடிக்கிறவன் அல்ல, அடிக்கிறவன் அல்ல. குழந்தைகளை உலாவ அழைத்துப் போகிறான். சொன்னால் உதவியும் செய்கிறான். மாலையில் மட்டும் தொழில்நுட்பப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அது தன் வேலைக்கு அவசியம் என்று உண்மையாகவே நம்புகிறான். அவளுக்கும் அப்படிப் படிக்க வேண்டியது இருக்கிறது என்பது அவன் மனசில் எழுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலையை விட்டுவிட்டால் என்ன என்று அவன் கேட்கிற இடம் வருகிறது. அன்பாகத்தான் கேட்கிறான். ஒரு துஷ்டனைப் படைத்திருந்தால் ஆசிரியைக்கு எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்! வாசகர்களும் அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள். நல்லவனாக இருப்பதால் நமக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நாமே அந்த நாற்காலியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருக்கிறோம்.

சத்யஜித் ராயின் 'மகாநகர்' படம் (1963) பார்த்தவர்களுக்கு ஆரதியை ஞாபகம் இருக்கும். கல்கத்தாவில் வீடு வீடாகப் போய்ப் பின்னல் யந்திரம் விற்கிற குடும்பப் பெண். மிகவும் நல்ல படம். ஆனால் அது வேலைக்குப் போகலாமா என்கிற கதை. மாமனாரின் கோபம், கணவனின் சந்தேகம், பாங்க் மூடிப்போவது என்று நாடகம் தானாக அமைந்துவிடுகிறது. பரான்ஸ்கயாவின் கதை, அந்தக் கேள்வி தீர்ந்து வெகுகாலமான ஊரில் நடக்கிறது. 1936-ம் வருஷத்துச் சட்டத்திலேயே அங்கே ஆணும் பெண்ணும் சமம். வேலைக்குப் போகலாமா என்று யாரும் கேட்பதில்லை. போய்விட்டு வந்த பிறகு மாவு பிசைவது யார் என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை. 1967-ல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று ஏற்பட்டு, சனிக்கிழமையும் லீவு கிடைத்தது. ஓல்காவின் சனிக்கிழமையைப் படித்துப் பார்த்தால் அந்த லீவு யாருக்குக் கிடைத்தது என்பது தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ஆய்வுக்கூடத்துப் பெண்களை ஆசிரியை கொஞ்சம் பட்டியல் போட்டு அமைத்துவிட்டார். புருஷன் துணையில்லாதவள் ஒருத்தி, பழைய லட்சியங்களை விடாத மூத்தவள் ஒருத்தி என்று கேள்வித்தாளின் கட்டங்களை நிரப்ப வந்தவர்கள்போல நிற்கிறார்கள். அவர்கள் சேர்ந்து விவாதிக்கிற இடத்தில் கதை கூட்டமாக மாறிவிடுகிறது. ஓல்கா ஓடத் தொடங்கியதும் மறுபடி உயிர் வருகிறது.

ஆசிரியையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1908-ல் பிறந்தவர். 1943-ல் யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்தவர். மாஸ்கோவில் புஷ்கின் மியூசியத்தில் உத்தியோகம். 1966-ல் ஓய்வு பெற்றார். முதல் கதைகள் அச்சில் வந்தது 1968-ல். அப்போது அவருக்கு வயது 60. ஓல்காவின் வாரத்தை எழுத ஓல்காவால் முடியாது. அவளுக்கு ஏது நேரம்? குழந்தைகள் வளர்ந்து, பென்ஷனும் வந்த பிறகு ஒருத்தி எழுத உட்கார்ந்ததால்தான் நமக்கு இது கிடைத்தது. நானும் என்னைப்போன்றவர்களும் முப்பது வயதில் நாவல் எழுதினோம்; காப்பி மேஜைக்கு வந்தது. அந்த நாவல்களில் குழந்தைக்கு ஜுரம் வராததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

கதையில் ஒரு சின்னக் கொக்கி வருகிறது. ஓல்காவின் இடுப்புக் கச்சையிலிருந்து கழன்றுபோகிறது. தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று நினைக்கிறாள். ஞாயிறு இரவு வரையில் தைக்கவில்லை. அந்த இடத்தோடு முடித்திருக்கலாம் என்று முதல் தடவை படித்தபோது நினைத்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கேதான் முடித்திருப்பார்கள். நானாவது நிச்சயம் முடித்திருப்பேன். ஆனால் ஆசிரியை இன்னும் கொஞ்சம் போகிறார். நடுராத்திரியில் ஓல்கா விழித்துக்கொள்கிறாள். எழுந்துபோய்க் குழந்தைகளுக்குப் போர்த்திவிடுகிறாள். இருவரும் நன்றாகத் தூங்குகிறார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எது தன்னை எழுப்பியது என்று யோசித்துப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாசகிக்கு இன்னும் நான் பதில் போடவில்லை. கார்டு மேஜைமேல்தான் இருக்கிறது.