பந்தைக் கொடுப்பதில் இப்படியொரு அழகா!

கூடை தவறிய பந்து கெய்ட்லின் கிளார்க் கையில் வந்து விழுகிறது. தரையில் ஒருமுறை தட்டக்கூட இல்லை. மறுகோடியை நோக்கி ஓடும் சகவீராங்கனையின் கைக்குப் பந்து போய்விட்டது! எப்போது பார்த்தார், எப்போது எறிந்தார்? ரீப்ளே போட்டால்தான் விளங்கும். 2024-இல் இண்டியானா ஃபீவர் ஆட்டங்களுக்காக விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்த பைத்தியங்களில் நானும் ஒருவன்.

உலகம் அவரைக் கொண்டாடுவது எட்ட நின்று போடும் மூன்று புள்ளி ஷாட்டுகளுக்காக. கொண்டாடட்டும். எனக்கு உயிர் அவருடைய பாஸ்தான்.

அறிமுக சீசனில் 40 ஆட்டங்கள், 337 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ்! அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் அதற்கு முன் புதுமுகங்களின் உச்சம், 1998-இல் சாக்ரமென்டோ மொனார்க்ஸின் டிச்சா பெனிச்செய்ரோ கொடுத்த 225. சாதாரண ஆளில்லை அந்தப் போர்ச்சுகல்காரர். ஏழு சீசன்களில் அசிஸ்ட்டில் லீக்கிலேயே முதலிடம். “அப்போது சீசனுக்கு 30 ஆட்டம்தானே?” என்று பழைய ரசிகர்கள் கேட்பது நியாயம்தான். சரி, சராசரிக்கு வாருங்கள். பெனிச்செய்ரோ 7.5, கிளார்க் 8.4. வாழ்நாளில் 3,234 அசிஸ்ட் குவித்த சூ பேர்டே 2002-இல் அறிமுகமானபோது 6.0-இல்தான் நின்றார்.

புதுமுகங்களை விடுங்கள். மொத்த லீக்கிலும் அதுவரை ஒரு சீசனின் சாதனை அலிஸா தாமஸ் 2023-இல் எடுத்த 316. அதுவும் 40 ஆட்டத்தில்தான், ஆகவே தராசு சமம். தாமஸுக்கு அது பத்தாவது சீசன். இந்தப் பெண்ணுக்கு முதல் சீசன்!

ஜூலை 17, டல்லஸ் விங்ஸுக்கு எதிரான ஆட்டத்தை என்னவென்று சொல்ல? ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட். 2020-இல் கோர்ட்னி வாண்டர்ஸ்லூட் படைத்த 18 என்ற சாதனை காலி. ஃபீவர் தோற்றது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஆண்கள் பக்கமும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லீக் வேறு, வேகம் வேறு, அசிஸ்ட் எண்ணும் கறார்த்தனமும் காலத்துக்குக் காலம் வேறு. ஆசைக்குத்தான் இந்தக் கணக்கு. மேஜிக் ஜான்சனின் அறிமுக சராசரி 7.3. ஆஸ்கர் ராபர்ட்சன் 9.7, ஆனால் ஆட்டத்துக்கு 42 நிமிடத்துக்கு மேல் களத்தில் இருந்தார். கிளார்க்குக்குக் கிடைத்தது சுமார் 35. நிமிடத்தால் வகுத்தால் கிளார்க் ஒரு மயிரிழை முன்னே! மார்க் ஜாக்சனின் 10.6-ஐ மட்டும் எப்படி வகுத்தாலும் தொட முடியவில்லை. ஒப்புக்கொள்கிறேன், வேண்டாவெறுப்பாக.

பாஸைக் கூடையாக்க ஆள் வேண்டாமா என்பீர்கள். இருந்தார்கள். வளையத்தடியில் அலியா பாஸ்டன், எந்தக் கோணத்தில் வந்தாலும் பிடித்துவிடும் கைகள். ஓட்டத்தில் கெல்சி மிட்செல். ஆனால் இதே இருவரும் ஆடிய 2023-இல் ஃபீவருக்குக் கிடைத்தது 13 வெற்றி. கிளார்க் வந்ததும் 20. 2016-க்குப் பிறகு முதல்முறையாகப் பிளே-ஆஃப்.

டர்ன்ஓவர் கணக்கைச் சிலர் நீட்டுவார்கள். 223. அதுவும் லீக் சாதனைதான். முதல் ஆட்டத்திலேயே 10 முறை பந்தைப் பறிகொடுத்தார். இருக்கட்டுமே! இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே ஓர் இடுக்கு தெரிந்தால் எறிந்து பார்ப்பவர் அவர். பத்திரமாகப் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிட்டுப் போகும் பாயின்ட் கார்டுகள் ஊருக்கு நூறு பேர் உண்டு. அவர்களுக்காக நான் அலாரம் வைப்பதில்லை.

2025-இல் தாமஸ் 357 எடுத்து சீசன் சாதனையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். கெட்டிக்காரிதான். புதுமுகப் பட்டியலின் உச்சியில் அந்த 337 அப்படியே நிற்கிறது. அடுத்து லீக்குக்குள் வரும் எந்தச் சிறுமிக்கும் சும்மா விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.