உறையும் அட்டையும்

யாழ்ப்பாணத்துப் பக்கம் பிரதேச வைத்தியசாலையில் மருந்து எடுத்துத் திரும்புகிறவரின் கையில் சின்னக் கடதாசி உறை இருக்கும். உள்ளே எண்ணிப் போட்ட குளிசைகள். மேலே மருந்தின் பெயர், வேளைக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பேனையால் எழுதியிருக்கும். தஞ்சைப் பக்கத்துக் கிராம மெடிக்கலில் இருந்து வருகிறவரின் கையிலோ கத்தரித்த அட்டைத் துண்டுதான். மாத்திரை அலுமினியக் காகிதத்துக்குள் பத்திரமாக இருக்கும். எப்போது போடுவது என்பது கடைக்காரர் வாயால் சொன்னது. வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும்.

மருந்தின் தரம் என்றதும் தொழிற்சாலையையும் ஆய்வகத்தையும்தான் நினைக்கிறோம். ஆனால் கிராமத்தில் அந்தத் தரம் காப்பாற்றப்படுவதும் கைநழுவுவதும் கடை மேசைக்கும் வாங்குபவரின் கைக்கும் இடைப்பட்ட அந்த ஒரு முழத்தில்தான்.

போன மாதம் அப்பாவின் மாத்திரை டப்பாவை ஒழுங்குபடுத்தினேன். ஏழு துண்டுகள் இருந்தன. காலாவதித் தேதி இருந்தது இரண்டில்தான். மற்றவை நடுவில் வெட்டியவை. ஒரே அளவில் இரண்டு வெள்ளை மாத்திரைகள்; ஒன்று பிரஷருக்கு, மற்றது சர்க்கரைக்கு. “பளபளன்னு இருக்கிறது காலையில, மங்கலா இருக்கிறது ராத்திரி” என்றார். கம்பெனி அட்டையை மாற்றினால் அவர் கணக்கும் மாறிப்போகும்.

இலங்கையின் உறைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. நாட்டுக்கு எவை தேவை என்று பட்டியலிட்டு, மொத்தமாக, வணிகப் பெயரை விட்டுப் பொதுப்பெயரில் வாங்குவதே அவருடைய வழி. பெரிய கொள்கலன்களில் வந்த குளிசைகளை எண்ணி உறையில் போட்டுக் கொடுக்கும் முறை அரச வைத்தியசாலைகளில் ஊன்றியது. உறையில் பெயர் எழுதுகிற பழக்கமும் கூடவே வந்தது. இதன் பலன் பெரிது. கிழவி படிக்காவிட்டாலும் பேரன் படித்துச் சொல்வான். அடுத்த வைத்தியரிடம் போனால் உறையைக் காட்டினாலே போதும்.

ஆனால் உறைக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் கடதாசி ஊறும், குளிசை இளகும். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அந்தப் பெரிய கொள்கலனின் மேலேயே நின்றுவிடும், வீட்டுக்கு வருவதில்லை.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மாத்திரைகளை அட்டையிலேயே வாங்கியது. வந்து சேரும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையின் தரத்துக்கு இது பெரிய காவல். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் மலிவு விலை மருந்தை ஊர்ப் பக்கம் கொண்டுவந்தன.

ஆனாலும் ஊருக்கு ஊர் மெடிக்கலில் “காய்ச்சலுக்கு ஒரு செட்” கேட்டு வாங்கும் வழக்கம் போகவில்லை. நான்கைந்து நிறத்தில் மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில் வரும். எது ஆன்டிபயாட்டிக், எது வலி மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற எச்1 விதி 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. செட்டாகப் போகும் மாத்திரை அந்தப் பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை.

சட்டம் இரண்டு நாட்டிலும் ஒன்றைத்தான் கேட்கிறது: பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் இருக்க வேண்டும். இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் பாமசி உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்தினால் உரிமம் தொடரும். ஆண்டுதோறும் கதவைத் தட்டுகிற முறையே எனக்குச் சரியென்று படுகிறது. அதுவும் முழு மருந்தல்ல. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகள் இரண்டு கரையிலும் உண்டு.

வெயிலும் பொதுவானதுதான். வன்னியிலும் ராமநாதபுரத்திலும் தகரக் கூரைக்குக் கீழே மதியச் சூடு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரவு கடை சாத்தும்போது பாதுகாப்புக்கென்று மெயினை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்பெட்டியும் சேர்ந்து அணைகிறது. காலையில் இன்சுலின் பார்க்க அப்படியேதான் இருக்கும். அதன் வீரியம் குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

2023இல் போலி ஆவணங்களோடு வந்த இம்யூனோகுளோபுலின் மருந்து இலங்கையை உலுக்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் மாண்டுபோனார்கள். இப்படி ஒரு மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வரும்போது தேடுவது பேட்ச் எண்ணைத்தான். பாட்டிலில் அது இருக்கும். உறையிலும் வெட்டிய துண்டிலும் இருக்காது. எந்த வீட்டில் அந்த மாத்திரை கிடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் ஒரு கரைக்காரர் மறு கரையிடம் கற்க வேண்டியது இருக்கிறது. இலங்கை தன் குளிசைகளை அட்டைக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை உறையில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் சேர்த்து எழுத வேண்டும். தமிழ்நாட்டு மெடிக்கல்களோ துண்டை ஓர் உறையில் போட்டு, பெயரும் வேளையும் காலாவதித் தேதியும் எழுதித் தர வேண்டும்.

டப்பாவை ஒழுங்குபடுத்திய மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் மெடிக்கலுக்குப் போனேன். “அண்ணே, கவர்ல போட்டு எழுதிக் கொடுங்க” என்றேன். அவர் பழைய உறை ஒன்றை எடுத்து, அட்டையைத் திருப்பிப் பார்த்து நான்கு வரி எழுதினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா அதைக் கண்ணருகே பிடித்து வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.